ஜும்ஆவுக்குப் பிறகு கண்ட கனா

எங்கள் வீட்டில் ஒருவர் சாகப்போகிறார், மௌத்து வரப்போகிறது, அது யாருக்கு என்று என் கணவருக்குத் தெரியும். மாரி மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து நான் இப்படித்தான் நம்பினேன். தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தது மார்க்கப்படி சரியான காரியம். அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. பிழை செய்கிறவரோடு சண்டை பிடிக்கலாம், சரியானதைச் செய்கிறவரை என்ன செய்வது?

அன்று ஜும்ஆ முடிந்து வந்தவர் சோறு தின்றுவிட்டு ஹோலில் ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தார். கல்முனை பஸாரில் எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. மற்ற நாட்களில் மத்தியானமும் கடையிலேயே கிடப்பவர், வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. திடீரென்று எழும்பிக் குந்தினார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இடது பக்கம் திரும்பி எச்சில் படாமல் மூன்று தரம் துப்பினார். வாய்க்குள் அஊது ஓதிப் பாதுகாப்புத் தேடினார். பிறகு மற்றப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

"என்ன கண்டீங்க?" என்றேன்.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கா மனிசன் எழும்பித் துப்புற?"

"நீதானே புள்ளையளுக்குப் படிச்சிக் குடுக்கிற. கெட்டதக் கண்டா ஆருக்கும் சொல்லக்கூடாண்டு."

என் பாடத்தையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் இஸ்லாம் படிப்பிக்கிறவள். கனவைப் பற்றிய பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிக் கை நொந்தவள். நல்ல கனவு அல்லாஹ்விடமிருந்து வருவது, அதை நம்மேல் இரக்கமுள்ளவர்களிடம் மட்டும் சொல்லலாம். மனசு பகலில் மென்றதைத் தூக்கத்தில் கக்குவது இன்னொரு வகை, அதற்குப் பொருள் தேடவே தேவையில்லை. மூன்றாவது ஷைத்தான் காட்டுவது. அதைக் கண்டவர் இடது பக்கம் துப்பி, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, படுத்த பக்கத்தை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டால் அது ஒரு கெடுதியும் செய்யாது. பிள்ளைகள் இதைப் பாடமாக்கி ஒப்புவிக்கும்போது நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பேன். கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. கண்டவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"மகள் எங்க?"

"குளிக்கா. என்னத்துக்கு?"

"சும்மா கேட்ட."

சும்மா கேட்கிற மனிசனா அவர்? முப்பது வருஷத்துக்குக் கிட்ட அவரோடு வாழ்கிறேன். நாள் முழுக்க ஆணியும் பெயின்டும் விற்றுவிட்டு வந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற ஆள். கனவு கினவு என்று அவர் வாயில் வந்ததே இல்லை, ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவையை நினைத்துத்தான் பயந்தேன். அவருடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், உயிரோடு இருந்த காலம். அப்போதும் ஒரு நாள் இதே மாதிரி எழும்பி, இதே மாதிரித் துப்பிவிட்டு, ஒன்றுமில்லை என்றார். நானும் விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த கிழமை அக்கரைப்பற்று வீதியில் காக்காவின் மோட்டார் சைக்கிளை லொறி அடித்தது. மையித்தை அடக்கிவிட்டு வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "நான் கண்டன்." அவ்வளவுதான். எதைக் கண்டார், எப்படிக் கண்டார், ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்றுதானே இருக்கிறது, சொல்லாமல்தானே இருந்தார், பிறகு ஏன் நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது? ஒருவேளை அது ஷைத்தான் காட்டியதல்ல, முன்கூட்டிக் காட்டப்பட்டது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குள் அப்படியே கிடந்தது.

இப்போது இரண்டாந்தரம் துப்பியிருக்கிறார். ஆர் இந்தத் தடவை? என்ட றப்பே, ஆர்?

அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு கத்தாரில் இருக்கும் மகன் ஃபோனில் வந்தான். நான் தொழுத பாயிலேயே இருந்துகொண்டு இவர் முகத்தைத்தான் பார்த்தேன். மகனோடு சீமெந்து விலையைப் பற்றிக் கதைத்தார், அவன் வளர்த்திருந்த தாடியைப் பகிடி பண்ணிச் சிரித்தார். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், எனக்கு மூச்சு வந்தது. அவன் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது மகள்.

எங்கள் மகள் பொத்துவில் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் டீச்சர். கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிட்டு, வெள்ளி மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாள், ஞாயிறு பின்னேரம் திரும்புவாள். இவ்வளவு காலமும் ஓட்டோவில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தன் பாட்டில் போய்வந்தவளை அந்த ஞாயிறு இவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பஸ் வெளிக்கிடும் வரை மழையில் நின்றாராம். திருக்கோவில் தாண்டவில்லையா, கோமாரி வந்துவிட்டதா என்று வழி நெடுக ஃபோன் எடுத்தாராம். அவளுக்குச் சிரிப்பு. "வாப்பாக்கு என்ன உம்மா நடந்த? நான் என்ன நேசறிப் புள்ளையா?" என்று எனக்கு ஃபோனில் சொன்னாள். நான் என்ன சொல்ல? உன் வாப்பா உன்னைக் கனவில் கண்டிருக்கிறார் என்றா?

"மழ காலம்தானே மகள், வாப்பா பயப்படுறாரு," என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் நின்று சூறாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒன்று பாலத்தில் சரிகிற மாதிரி கண்ணுக்குள் வரும். அவளை லீவு போடச் சொன்னேன், அவள் கேட்கவில்லை. இவரிடம் போய் இரண்டு மூன்று தடவை முட்டிப் பார்த்தேன். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார் என்று தெரிந்து சுற்றி வளைத்தேன்.

"மகள் இந்தக் கிழம நிக்கட்டுமா?"

"ஏன் நிக்க? போகட்டும். வேலைக்குப் போற புள்ள."

"பயமில்லையா உங்களுக்கு?"

"பயம் எல்லாத்துக்கும்தான் இரிக்கி," என்று சொல்லிவிட்டு ஹெல்மட்டைத் தேடினார்.

சரியான கல்லு மனிசன். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். அந்த நாட்களில் வீட்டில் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். குசினிக்குள் இருந்த காஸ் சிலிண்டரை வெளியே வைத்து, சுவரைத் துளைத்துக் குழாய் எடுத்தார். குளியலறைத் தரைக்கு ரப்பர் பாய் கொண்டுவந்து போட்டார். கரன்ட் வேலைக்காரனைக் கூப்பிட்டு வீடு முழுக்க வயரைப் பரிசோதிக்க வைத்தார். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க நான் அந்தக் கனவை ஒவ்வொரு மாதிரி கட்டினேன். நெருப்பு என்று நினைத்தேன். பிறகு தண்ணீர். பிறகு கரன்ட். என் பிள்ளையை என் மனசுக்குள்ளேயே எத்தனை விதமாகச் சாகக் கொடுத்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இந்த நேரத்தில்தான் நிக்காஹ் கதையை எடுத்தார்.

மகளுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் என்று இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டது. மகனுக்கும் அப்போதுதான் லீவு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. நான் இருக்கும் இந்த வீடும் என் உம்மா எனக்குத் தந்ததுதான், இவர்தான் மாப்பிள்ளையாக இங்கே வந்தவர். இதற்கு மேலே மகளுக்கென்று ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஸ்லாப் போட்டாயிற்று, சுவர் வைத்தாயிற்று. ஜன்னல் இல்லை, தரைக்கு டைல் இல்லை, படிக்குக் கைபிடி இல்லை. மழைக்கு மேசன்மார் வருவதும் இல்லை. அந்த லட்சணத்தில் ஒரு நாள் காலையில் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு சொல்கிறார்:

"நிக்காஹ நோன்புக்கு முந்தி வைப்பம்."

"என்ன?"

"நோன்புக்கு முந்தி."

"உங்களுக்கு விசரா? பேசினதுக்கு மூணு மாசம் முந்தியா? கதவில்லாத வீட்டுக்குள்ள மாப்பிள்ளையக் கொண்டுவந்து எங்க வைக்கிற? தண்ணித் தாங்கிக்குள்ளயா?"

"நான் செஞ்சி முடிக்கிறன்."

"மகன் வரமாட்டான். ஒரே தங்கச்சிட கலியாணத்த அவன் ஃபோன்ல பாக்கிறதா?"

"என்ன செய்ற. பாக்கட்டும்."

பிளேட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அவ்வளவு சத்தம் நான் அவரோடு போட்டதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள். இவர் கையைக் கழுவிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர், பின்னேரம் சம்மாந்துறையிலிருந்து நாள் குறித்துக்கொண்டு வந்தார். என்னைக் கேட்காமல். என் வீட்டில், என் மகளுக்கு.

அன்று குசினிக்குள் நின்று அழுதுகொண்டே தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. மகளுக்கு மௌத்து என்று கண்ட மனிசன் எதற்கு அவளுக்குக் கல்யாணத்தை அவசரப்படுத்துகிறார்? இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டே கெடுக்கிற ஆளா இவர்? இல்லை. அப்படியென்றால் மகள் இல்லை! அல்ஹம்துலில்லாஹ், மகள் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். தண்ணீர் கொதிக்கும் வரைதான் அந்தச் சந்தோஷம் இருந்தது.

நிக்காஹில் பெண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளராக, இருந்து கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் வாப்பா. அவர் உயிரோடு இருக்கும்போதே அது நடந்து முடிய வேண்டும் என்று நினைக்கிறார். அவர் கண்டது அவரைத்தான்.

அடுத்த நாள் பாடசாலையில் இன்டர்வெலுக்கு எங்கள் மௌலவியா டீச்சரை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், யாரோ ஒருவருடைய கதை மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். என்னைவிட வயசு குறைந்தவள், மார்க்கக் கிதாப் முறையாக ஓதியவள். கேட்டு முடித்துவிட்டு லஞ்ச் பெட்டியை மூடினாள்.

"கண்டவர் சொன்னாரா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப அவர் சுத்தம். அவர் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டார். ஹதீஸ் உங்களுக்குத் தெரியும்தானே. கனா எண்டது பறவைட காலுல தொங்குற மாதிரி. விளக்கம் சொல்ற வரைக்கும் அது ஒண்டுமில்ல. சொன்னா விழுந்திரும்."

"ஓம், தெரியும்."

"அதுனால முதல்ல எந்த வாய் விளக்கம் சொல்லுதோ அதுதான் பெரிசு. அந்தப் பொம்புள இப்ப என்ன செய்யிறா? புருஷன் சொல்லாத கனாவுக்கு நாளுக்கு ஒரு விளக்கம் வச்சிக்கிட்டிரிக்கா. வாயால ஆருக்கிட்டயாவது சொல்லிட்டாவா?"

"இல்ல. மனசுக்குள்ளதான்."

"மனசுக்குள்ளயே இரிக்கட்டும். வாய்க்கு வந்திரக் கூடா." என்னையே பார்த்தாள். "சொல்லியே ஆகணும் எண்டு வந்தா நல்லதாச் சொல்லச் சொல்லுங்க. அவக்கிட்டச் சொல்லுங்க டீச்சர்."

"சொல்றன்," என்றேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது.

அன்றிலிருந்து நான் இவரை விடவில்லை. முதலில் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக டொக்டர் என்றால் ஓடுகிற மனிசன், மறுபேச்சில்லாமல் வந்தார். அதுவே எனக்குப் பயத்தைக் கூட்டியது. பிரஷர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள், நெஞ்சில் வயர் பூட்டி ஈசீஜி எடுத்தார்கள். டொக்டர் சிரித்தார். பெடியன் மாதிரி இருக்கிறீங்க ஹாஜியார், எண்ணெயை மட்டும் குறையுங்க என்றார். இவர் ஹஜ்ஜுக்குப் போகவே இல்லை, வயசான முஸ்லிம் ஆம்பிளை என்றால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளியே வந்து மருந்து எடுக்க நின்றபோது இவர் என் கையைப் பிடித்தார். ஆட்கள் இருக்கிற இடத்தில் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"நீயும் காட்டிட்டு வா."

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இரிக்கன்."

"நல்லா இரிந்தாலும் காட்டு. வந்த வந்ததானே."

"ராவைக்கு ஆணம், கறி ஒண்டும் ஆக்காம வந்திரிக்கன். மறுகா ஒரு நாளைக்குப் பாப்பம், வாங்க."

கையை விட்டுவிட்டார். ஓட்டோவில் நான் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஈசீஜியில் தெரியாத நோய் வருத்தங்கள் என்னென்ன இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு குசினிக்குள் வரத் தொடங்கினார். தண்ணீர் குடிக்கக்கூட நான் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய ஆள், கடையிலிருந்து வெள்ளனத்தோடு வந்து அடுப்படியில் நிற்பார். மீனாணத்துக்குக் கொறுக்காய்ப் புளி எப்போது போடுவது, தேங்காயின் முதற்பாலை இறக்கி வைத்துவிட்டா ஊற்றுவது, அரிசிக்குத் தண்ணீர் எத்தனை விரல் என்று கேட்பார். எனக்கு எரிச்சல்.

"ஏன், கடைய மூடிட்டு சோத்துக் கடை துறக்கப் போறீங்களா?"

"தெரிஞ்சி வச்சா நல்லம்தானே."

"முப்பது வரிசம் தெரியாம உசிரோடதானே இரிந்தீங்க. தள்ளுங்க, எண்ணெ தெறிக்கும்."

தள்ளி நின்றார். ஆனால் போகவில்லை. நான் மிளகாய்த் தூள் போடுவதையும் கிளறுவதையும் பார்த்துக்கொண்டே நின்றார். காலம் போன காலத்தில் மனிசனுக்கு என்மேல் ஆசை வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்துச் சிரிப்பும் வந்தது. அடுத்த நிமிஷம், இந்த முகத்தை இன்னும் எவ்வளவு நாளைக்குப் பார்க்கப்போகிறேன் என்று அகப்பையை வைத்துவிட்டு அவரையே பார்த்தேன்.

மேலே வேலை பிசாசு வேகத்தில் நடந்தது. மழை விட்ட நேரமெல்லாம் டைல் வெட்டுகிற மிஷின் கத்தியது. ஓடாவியார் ஜன்னல் நிலைகளைக் கொண்டுவந்து இறக்கினார். நான் ஒரு தடவை பார்த்துவரலாம் என்று படியில் கால் வைத்ததுதான், கடையிலிருந்து அப்போதுதான் வந்தவர் கேட்டடியிலிருந்தே கத்தினார்: "ஏறாத! எறங்கு, எறங்கு!" மேசன்மார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குறை கண்டுபிடித்து மேசனோடு சண்டைக்குப் போய்விடுவேன் என்று பயப்படுகிறார் என்று நினைத்து, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நிக்காஹுக்கு ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கிய கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே என் முன்னால் வந்து இருந்தார்.

"உனக்கு நான் ஏதும் குற வச்சிரிந்தா ஹலாலாக்கிரு புள்ள."

இப்படி மன்னிப்பை ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். வெளிநாடு போகிறவர்கள் கேட்பார்கள். படுக்கையில் கிடக்கிறவர்கள் கேட்பார்கள்.

"எங்க போகப் போறீங்க நீங்க? ஏன் இப்பிடிக் கேக்கிறீங்க? என்ன கண்டீங்கெண்டு சொல்லித் தொலைங்களன்!"

"நான் எங்கயும் போகல்ல," என்றார்.

அந்த வார்த்தையை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. ஹலாலாக்கினேன், ஹலாலாக்கினேன், எல்லாத்தையும் ஹலாலாக்கினேன் என்று அழுதேன். என்னை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். நான் அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் என்னைத் தேற்றினார்.

போன புதன்கிழமை எனக்குத் தலையிடி. பாடசாலையிலிருந்து அரைநாள் லீவில் வந்து, லுஹரைத் தொழுதுவிட்டு, பனடோல் போட்டுக்கொண்டு அறையில் படுத்தேன். பகலில் படுக்கிறவள் இல்லை நான். மேலே டைல் மிஷின் கத்திக்கொண்டிருந்தும் கண் அயர்ந்துவிட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. பெயின்ட் தின்னர் மணம் மூக்கில் ஏறி விழிப்பு வந்தது. கடையிலிருந்து வரும்போது அவர் கையில் எப்போதும் இருக்கிற மணம். கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். கட்டிலில் என் பக்கத்தில் குனிந்து நிற்கிறார் என்று விளங்கியது. அவருடைய உள்ளங்கை என் மூக்குக்குக் கீழே இருந்தது. தொடவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார். நான் விட்ட மூச்சு அவர் கையில் பட்டு எனக்கே சூடாகத் திரும்பி வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மெல்லச் சொன்னார். கையை எடுத்தார்.

நான் அசையவில்லை. காஸ் சிலிண்டர் யாருக்காக வெளியே போனது? இந்த வீட்டில் அடுப்படியில் நிற்கிறவள் நான். குளியலறையில் விடிய எழும்பித் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்கிறவள் நான். கைபிடி இல்லாத படியில் ஏறப்போனவள் நான். பொத்துவில் பஸ்ஸுக்கு மகளைக் கொண்டுபோய் விட்டதுகூட, உம்மா இல்லாத பிள்ளையாகப் போகிறாளே என்ற இரக்கத்தில்தானா? முதற்பாலை எப்போது ஊற்றுவது என்று கேட்டது, இனி அவரே ஊற்ற வேண்டிவரும் என்றுதான். நிக்காஹை அவசரப்படுத்தியது வலியாக அவர் இருக்க வேண்டும் என்றல்ல. உம்மாவாக நான் இருக்க வேண்டும் என்று.

மாதக் கணக்காக மற்ற எல்லாரையும் சாகக் கொடுத்துப் பார்த்த எனக்கு, என் பக்கம் ஒரு தரம்கூட நினைப்பு வரவில்லை. அப்படித்தான் போல மனிசர்.

கண்ணைத் திறந்தேன். திடுக்கிட்டுப் பின்னுக்குப் போனார். எழும்பிக் குந்தி அவருடைய கையைப் பிடித்தேன். கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. பயப்படாதே என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லப்படாத வரைக்கும் அது ஒன்றுமில்லை. முதல் வாய்தான் பெரிது. அந்த வாய் என் வாயாக இருக்கட்டும்.

"நீங்க கண்டதுக்கு விளக்கம் நான் சொல்லட்டா?"

"வேணாம் புள்ள."

"நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். வாய மூடிக்கிட்டு இரிங்க. நான்தான் சொல்றன். பிரயாணம். மௌத்தக் கண்டா தூரப் பிரயாணம் எண்டு பெரியாக்கள் சொல்லியிரிக்காங்க. மகள்ட நிக்காஹ் முடிஞ்ச கையோட நாம ரெண்டு பேரும் உம்றாவுக்கு மக்கா போறம். அதுதான் நீங்க கண்ட. நல்லதுதான் கண்டிரிக்கீங்க. விளங்கிச்சா?"

எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் சொன்னதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அவ்வளவு ஆசை, அது கண்ணிலேயே தெரிந்தது. உதடு அசைந்தது. ஓம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் இல்ல," என்றார். "அதுல நான் இல்ல."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மற்றக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கால் ஒரு சத்தம் வந்தது. காக்காவின் மையித்தை எடுத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

மேலே மிஷின் நின்றிருந்தது. மேசன்மார் தேத்தண்ணிக்கு இறங்கி வருகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய பயத்தை நான் அதற்கு முந்தி அறிந்ததில்லை. ஆனால் அழுகை வரவில்லை. அவருடைய கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முகத்தை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"சரி," என்றேன். "சம்மாந்துறைக்கு ஃபோன் எடுங்க. நிக்காஹ இன்னும் முன்னுக்கு எடுக்கேலுமா எண்டு கேளுங்க."